இறக்கிவிட்ட லுங்கி

என் வீட்டுக்காரர் இரண்டு முறை விழுந்தார். முதல் முறை விழுந்ததற்குத் தண்ணீர் மோட்டார் காரணம். இரண்டாம் முறை விழுந்ததற்கு மரியாதை காரணம். முதல் தடவை விழுந்தவரை எழுப்பி நடக்க வைத்துவிட்டோம். இரண்டாம் தடவை எங்களால் முடியவில்லை. அழுது தீர்க்கலாம் என்று இதை எழுதவில்லை, அழுகை தீர்கிற மாதிரியும் தெரியவில்லை. வயதானவர்கள் இருக்கிற வீட்டில் யாராவது இதைப் படித்தால், எங்களுக்குத் தோன்றாமல் போன ஒன்று அவர்களுக்காவது தோன்றட்டும்.

எங்களுக்கு ஆம்பூர். அவர் பெயர் தணிகாசலம். ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் செக்‌ஷனில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். நான் கஸ்தூரி, பால்வாடி டீச்சராக இருந்தேன். ஒரே மகள் மாலதியை வாலாஜாபேட்டையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை சேகர் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். எங்கள் குடும்பம் அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் படுத்திருந்தார். மோட்டார் ஓடுவதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம். பக்கத்து வீட்டு பர்வீன் மாடியிலிருந்து கத்தினாள்.

"அக்கா, டேங்கு ரொம்பி தண்ணி ரோட்டுக்குப் போவுது!"

தண்ணீர் வீணாவது அவருக்கு ஆகவே ஆகாது. தூக்கத்திலிருந்தவர் வாரிச்சுருட்டி எழுந்து ஓடினார். ஸ்விட்ச் வரைக்கும் போகவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்ததாம், அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். ஓடிப் போய்ப் பார்த்தால் ஒரு கால் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறது, மற்ற காலைவிடக் குட்டையாகத் தெரிகிறது. அந்த வலியிலும் அந்த மனுஷன் சொன்னது, "மொதல்ல மோட்டார ஆஃப் பண்ணுடி."

வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்ரே எடுத்த பிறகு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டி விளக்கினார். தொடை எலும்பின் மேல் முனை பந்து மாதிரி இருக்கும். அது இடுப்பில் இருக்கிற குழிக்குள் சுழலும். பந்துக்குக் கீழே எலும்பு கொஞ்சம் ஒல்லியாக, கழுத்து மாதிரி இருக்கிறது. அந்தக் கழுத்துதான் உடைந்திருந்தது. அங்கே ரத்த ஓட்டம் கம்மி, இந்த வயதில் தானாக ஒட்டாது, உடைந்த பந்தை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைக்க வேண்டும் என்றார். எனக்கு "கழுத்து" என்ற வார்த்தைதான் காதில் நின்றது. தொடையில் கழுத்து இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவருக்கு ஏற்கனவே இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தது. அடைத்துக்கொள்ளாமல் இருக்க ரத்தத்தை இளக்கும் மாத்திரை தினமும் உண்டு. அதனால் உடனே ஆபரேஷன் செய்ய முடியாது, இதய டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும் என்றார்கள். காத்திருந்தோம். காத்திருக்கும் கூடம் ரயில்வே ஸ்டேஷன் மாதிரி. எங்கெங்கிருந்தோ வந்தவர்கள், எனக்குப் புரியாத பாஷைகள், எல்லோர் மடியிலும் எக்ஸ்ரே கவர். டோக்கன் நம்பர் மாறும் போர்டையே எல்லோரும் சாமியைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வடநாட்டு அம்மாள் ஒருத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு ஆரஞ்சுச் சுளையைக் கையில் வைத்தாள். அதை வாயில் போட்ட பிறகுதான் காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வந்தது.

பில் கட்டும் கவுன்டர் பக்கமே மாப்பிள்ளை என்னைப் போக விடவில்லை. காப்பீட்டுக் கார்டை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். மீதி எப்படி ஆயிற்று என்று கேட்டால், "அது ஆய்டுச்சு அத்தை, நீங்க மாமாவப் பாருங்க" என்பார். இன்று வரைக்கும் அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளை விஷயத்தில் என் வீட்டுக்காரருக்கு ஒரு வழக்கம். எங்கள் பக்கத்து ஆம்பளைகள் நிறையப் பேருக்கு உண்டு. வீட்டில் லுங்கியை மடித்து முழங்காலுக்கு மேலே கட்டிக்கொண்டு திரிவார்கள். பெரியவர்களோ சம்பந்தி வீட்டாரோ மாப்பிள்ளையோ வந்துவிட்டால், சட்டென்று எழுந்து மடிப்பை அவிழ்த்துக் கீழே இறக்கிவிடுவார்கள். யோசித்துச் செய்வதில்லை, கொசு கடித்தால் கை தானாகப் போகிற மாதிரி. மாப்பிள்ளை எத்தனையோ தடவை, "எனக்கு இன்னாத்துக்கு மாமா எழுந்துக்கிறீங்க" என்று கேட்டிருக்கிறார். "நீங்க வூட்டு மாப்ள" என்பதுதான் எப்போதும் பதில்.

ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தபோதும் அப்படித்தான். மாப்பிள்ளை வார்டுக்குள் நுழைந்தார். எழுந்திருக்க முடியாத மனுஷன், போர்வையைக் கால் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார். "படுத்துனே இருக்கேன், தப்பா எட்துக்காதீங்க மாப்ள."

"இன்னா மாமா நீங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்ட மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். பார்த்துப் பெருமைப்பட்டோம். ஒருத்தருக்கும் வேறெதுவும் தோன்றவில்லை.

ஆபரேஷன் ஆன மறுநாளே பிசியோதெரபி கொடுக்க ஒரு பெண் வந்தாள். பெயர் ஷீபா, நாகர்கோவில்காரி. என் மகளைவிடச் சின்னவள். வந்ததும், "ஐயா, எழும்பி நிப்போமா?" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று வெட்டித் தைத்த உடம்பு, இன்றைக்கு நிற்கச் சொல்கிறாளே, மனசாட்சி இருக்கிறதா என்று வாய்விட்டே கேட்டேன். அவள் கோபப்படவில்லை. படுத்தே இருந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், இருக்கிற தசையும் கரையும் என்று பொறுமையாக விளக்கினாள். வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தபோது அவர் போட்ட சத்தத்தில் எதிர்ப் படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் நின்றார். நான் திரும்பிக்கொண்டு அழுதேன்.

அவளிடம் ஒருநாள் சொன்னேன், "வயசாச்சு, யானைக்கும் அடி சறுக்கும், விழுந்துட்டாரு."

"வயசாச்சுன்னு மட்டும் சொல்லாதீங்கம்மா. விழுறதுக்குக் காரணம் இருக்கு, தடுக்கவும் வழி இருக்கு" என்றாள். அப்புறம் அவரிடம் உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தாள். போன வருஷத்தில் எங்கேயாவது தடுக்கினீர்களா? நடக்கும்போது சுவரைப் பிடிக்கிறீர்களா? எழுந்ததும் தலை சுற்றுமா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். ஒரே வீட்டில் இருக்கிற எனக்குத் தெரியாது. பயந்துபோவேன் என்று சொல்லவில்லையாம். சுவரில் கை பட்டு அழுக்கான இடத்தைப் பார்த்து, பர்வீன் வீட்டுப் பிள்ளைகள் வேலை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். படுத்தவர் சட்டென்று எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கிவிடும், தலைக்குப் போதுமான ரத்தம் போகாது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது ஜாஸ்தி. அதனால் எழுந்தால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டி, அப்புறம்தான் நிற்க வேண்டும். மோட்டார் ஓடட்டும், டேங்க் வழியட்டும், ஊரே வெள்ளத்தில் போகட்டும். அப்புறம், வயதானால் தொடைத் தசையும் கெண்டைத் தசையும் சுருங்கும். பாதம் தரையைவிட்டுச் சரியாக எழும்பாது. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தால் காலை எடுத்து வைத்துச் சமாளிக்கிற வேகமும் குறைந்துவிடும். அந்தப் பலத்தையும் வேகத்தையும் பயிற்சியால் திரும்ப வாங்கலாம், எந்த வயதிலும் வாங்கலாம் என்றாள்.

பிசியோ அறைக்குக் கூட்டிப் போனார்கள். சுவரெல்லாம் கண்ணாடி, இரண்டு பக்கமும் பிடித்து நடக்கக் கம்பி. நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொன்னாள். எழுந்து தரையில் ஒட்டியிருக்கிற டேப் வரைக்கும் நடந்து திரும்பி வந்து உட்காரச் சொல்லி, எவ்வளவு நேரம் ஆகிறதென்று பார்த்தாள். ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் இன்னொரு பாதத்தை வைத்து நிற்கச் சொன்னாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பத்து எண்ண வேண்டும். மூன்று எண்ணுவதற்குள் காலை ஊன்றிவிட்டார்.

"எங்க பால்வாடி பிள்ளைங்க உங்களவிட நல்லா நிக்கும்" என்றேன்.

"அதுங்களுக்கு நீ முட்ட குடுப்ப. எனக்கு இன்னா குட்த?"

கண்ணாடியில் எங்கள் இரண்டு பேர் முகமும் தெரிந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஷீபாவுக்கு ஒரே ஒரு பயம்தான். அதை மறைக்கவில்லை. "அம்மா, ஐயாவுக்கு ரத்தம் இளகற மாத்திரை இருக்கு. இனி ஒரு தடவை விழவே கூடாது. தலையில அடிபட்டா உள்ள ரத்தம் கசியும்." அன்றிலிருந்து அது ஒன்றுதான் எங்கள் வீட்டு மந்திரம். இன்னொரு தடவை விழக்கூடாது.

டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்னால் மாலதி எங்கள் வீட்டை வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் செல்போனில் வீடியோ எடுத்துவந்தாள். ஷீபா அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். கால்மிதியை எடுக்கச் சொன்னாள். டிவி வயரைச் சுவரோரம் ஆணி அடித்து ஒதுக்கச் சொன்னாள். பாத்ரூமில் பிடிக்கக் கம்பி, உட்காரும் டாய்லெட், கட்டில் பக்கத்தில் சின்ன விளக்கு. வாசற்படிக்கு மட்டும் என்ன செய்வதென்று கேட்டேன், படியை இடிக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. மஞ்சள் பூசி வைத்திருந்த படியைப் பார்த்து, "இது பளிச்சுனு கண்ணுக்குத் தெரியுது, இருக்கட்டும். தினமும் பூசுங்க" என்றாள். இத்தனை வருஷம் லட்சுமிக்காகப் பூசினேன், இனிமேல் இவருக்கும் சேர்த்து என்று நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டு வந்து கம்பிகளைத் தன் கையாலேயே போட்டார். போட்ட பிறகு தொங்கிப் பார்த்தார், அசைகிறதா என்று.

வீட்டுக்குள்ளும் பின்பட்டை வைத்த செருப்பு போட வேண்டும் என்று ஷீபா சொன்னபோது பெரிய ரகளை. வாழ்நாளெல்லாம் யாரோ வெளிநாட்டுக்காரன் காலுக்குச் சோல் ஒட்டிய மனுஷன், வீட்டுக்குள் செருப்பு என்றதும் எகிறினார். "சாமி படம் இருக்கிற வூட்ல செருப்பா? இன்னா பேசற நீ?" மாலதிதான் வழி கண்டுபிடித்தாள். புதுச் செருப்பு, வாசலைத் தாண்டி ஒருநாளும் போகாதது, அதை இன்னொரு பாதமாக நினைத்துக்கொள்ளச் சொன்னாள். அவரே கடையில் சோலை வளைத்துப் பார்த்து, நகத்தால் கீறிப் பார்த்து, கடைக்காரனிடம் நாலு குறை சொல்லி வாங்கினார்.

அடுத்தது லுங்கி. தொங்குகிற லுங்கி காலில் சிக்கும், அரைக்கால் டிராயர் போடுங்கள் என்றாள். அதற்கு மட்டும் அவர் மசியவில்லை. "கம்பெனில பேன்ட்டு போட்டதோட போச்சு. சம்பந்தி ஊட்டுக்காரங்க வந்தா நான் டவுசரோட நிக்கவா?" கடைசியில் ஷீபாவே இறங்கிவந்தாள். சரி, மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள், முழங்காலுக்குக் கீழே துணியே வரக்கூடாது. இரண்டு பேருக்கும் சம்மதம். நானும் தினமும் காலையில் பார்த்துவிடுவேன், "லுங்கி மட்ச்சிக் கட்னீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பயிற்சிக்கு விடுவேன்.

சமையல்கட்டு மேடைதான் எங்கள் கம்பி. இரண்டு கையாலும் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவார், பக்கவாட்டில் நடப்பார், ஒற்றைக் காலில் நிற்பார். எனக்கும் வயது ஆகிறது என்று ஷீபா என்னையும் செய்யச் சொல்லியிருந்தாள். பக்கத்திலேயே நானும் நிற்பேன். அவர் சத்தமாக எண்ணுவார். எனக்கு எண்ணும்போது மட்டும் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் வேண்டுமென்றே இழுப்பார். "ஒன்பதுஉஉ..." என்று ராகம் போடுவார். கால் நடுங்கும், நான் திட்டுவேன்.

வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா, தெருமுனை டீக்கடை வரைக்கும் போய்வர ஆரம்பித்தார். மறுபரிசோதனைக்குப் போனபோது டேப் வரைக்கும் நடந்து திரும்பி வந்து உட்கார்ந்ததை ஷீபா கைதட்டி மற்றவர்களுக்குக் காட்டினாள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்தார். திரும்பும் வழியில் லாங் பஜாரில் எனக்கு ஒரு டஜன் வளையல் வாங்கிக் கொடுத்தார். கூட்டத்தில் ஒரு கையில் தடி, இன்னொரு கை என் தோளில். நான் உலகத்தை ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது நடந்தது.

பால் அடுப்பில் இருந்தது. அவர் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றிருந்தார். லுங்கி மடித்துக் கட்டியிருந்தது. காலில் செருப்பு இருந்தது. தரை உலர்ந்திருந்தது. எல்லாம் சொன்னபடி இருந்தது. மாப்பிள்ளை மட்டும் ஏதோ வேலையாக ஆம்பூர் வந்தவர், மாமாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சாத்துக்குடிப் பையோடு நேராக உள்ளே வந்துவிட்டார்.

"மாமா, எப்டி இருக்கீங்க?"

திரும்பினார். இரண்டு கையையும் மேடையிலிருந்து எடுத்தார். மடிப்பை அவிழ்த்தார். ஒரு கால் இன்னும் தரைக்கு வரவில்லை. இறங்கிய லுங்கி அந்தக் காலுக்கு அடியில் வந்தது. நான் கை நீட்டுவதற்குள் சமையல்கட்டு வாசல் நிலையில் தலை மோதி விழுந்துவிட்டார்.

மாப்பிள்ளை பையைப் போட்டுவிட்டுத் தாவினார். பழங்கள் உருண்டோடின. தூக்கி உட்கார வைத்தோம். இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன், காலை நீட்டி மடக்கிப் பார்த்தோம், வலி இல்லை என்றார். காதுக்கு மேலே நெல்லிக்காய் அளவு ஒரு வீக்கம். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. சத்தம் கேட்டு வந்த பர்வீன், "அல்லா காப்பாத்துனான், தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இடுப்பு உடையவில்லை என்பதே எனக்குப் பெரிய வரமாக இருந்தது.

ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வீக்கத்தில் அழுத்திக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை எதிரே முகம் வெளுத்துப்போய் நின்றுகொண்டிருந்தார். இவர் என் கையை விலக்கினார்.

"இத்த அப்றம் பாத்துக்கலாம். மாப்ள நின்னுனே இருக்காரு பாரு. மொதல்ல அவருக்கு காபி குடு."

"உங்களுக்கு இப்ப காபி ஒண்ணுதான் கொற" என்று திட்டினேன். பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. காபி கொடுக்கவில்லை. அவர் என்னிடம் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மாப்பிள்ளை சொன்னார். நானும் வேலூருக்குப் போய்க் காட்டிவிடலாம் என்றேன். ஷீபா சொன்னது காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. ஆட்டோ வருவதற்குள் அவருக்குக் கண் சொருகியது. "ஷிப்ட்டு முடிஞ்சுதா?" என்று கேட்டார். பிறகு வாந்தி எடுத்தார். ஆட்டோவை அனுப்பிவிட்டு ஆம்புலன்ஸை அழைத்தோம். ஹைவேயில் போகும்போது அவர் பேரை உரக்கக் கூப்பிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேரை அவரிடம் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவர் திரும்பவில்லை.

ஸ்கேனில், மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் சேர்ந்து மூளையை அமுக்குகிறது என்றார்கள். வெளியே காயம் இல்லாவிட்டாலும், ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உள்ளே கசிவு நிற்காமல் போகலாம். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: அந்த மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால், சிரித்துப் பேசினாலும், வலியே இல்லை என்றாலும், உடனே கொண்டுபோங்கள். நாங்கள் தாமதிக்கவில்லை என்றுதான் டாக்டர் சொன்னார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் உயிரோடு இருக்கிறேன்.

மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுத்தார்கள். அவர் கண் திறக்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு வேளைக்கு ஒருவர்தான் போகலாம். மெஷின் அவருக்காக மூச்சு விட்டது. நான் போகும்போதெல்லாம் பாதத்தைத் தடவிக் கொடுப்பேன். அந்தப் பாதத்தை எழுப்புவதற்கு எவ்வளவு பாடுபட்டோம்! கெண்டைக்காலில் தசை ஏறியிருந்தது. தொட்டால் கெட்டியாக இருந்தது. நடக்கத் தயாரான கால்கள், படுத்துக் கிடந்தன. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நோஞ்சானாகக் கிடந்தால்கூட மனசு ஒப்புக்கொண்டிருக்கும்.

ஷீபா அங்கேயும் வந்தாள். நினைவில்லாமல் கிடப்பவர்களுக்கும் மூட்டு இறுகாமல் கையையும் காலையும் மடக்கி நீட்டிக் கொடுக்க வேண்டுமாம். அவருடைய முழங்காலைப் பிடித்து மெதுவாக மடக்கிக்கொண்டே, எப்படி விழுந்தார் என்று கேட்டாள். சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

"எல்லாம் கேட்டனேம்மா" என்றாள். "மாத்திரை கேட்டேன், கண்ணு கேட்டேன், படி, பாத்ரூம், வெளிச்சம் எல்லாம் கேட்டேன். வீட்டுக்கு யாராவது வந்தா என்ன செய்வாருன்னு நான் கேக்கலையே."

லுங்கியை மடித்துக் கட்டச் சொன்னது அவள். கட்டியிருக்கிறாரா என்று தினமும் பார்த்தது நான். மடித்ததை மரியாதைக்கு இறக்குவார்கள் என்பது நாகர்கோவில்காரிக்குத் தெரியாமல் இல்லை, எனக்குத் தெரியாமல் இல்லை, ஊரில் ஒருத்தருக்கும் தெரியாமல் இல்லை. அவர் காலுக்குக் கீழே கிடந்ததையெல்லாம் தேடித் தேடி எடுத்தோம். அவர் மனசுக்குள் இருந்ததை யார் எடுப்பது? அதை எடுத்திருந்தால் அவர் அவராக இருந்திருப்பாரா என்றும் இருக்கிறது. சில நாள் அவர்மேல் எனக்கு ஆத்திரமாக வரும். மாப்பிள்ளை என்ன மகாராஜாவா, ஒரு நிமிஷம் பொறுக்கக் கூடாதா என்று படத்தைப் பார்த்துச் சண்டை போடுவேன். பிறகு அழுவேன்.

மழை பெய்த ஒரு மத்தியானம் அவர் போய்விட்டார். மாலதி என்னைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பவே இல்லை.

காரியம் முடிந்த பிறகு மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. மாலதியைக் கொண்டுவந்து விடுவார், கேட்டுக்கு வெளியிலேயே வண்டியில் உட்கார்ந்திருப்பார். உள்ளே வாங்க என்றால், "பரவால்ல அத்தை, லேட் ஆவுது" என்பார். கம்பெனியில் ஆள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மாலதி சொல்லி அழுதாள். "நான் ஒரு போன் பண்ணிட்டு வந்திருந்தா..." என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாராம். அவருக்காக மேடையிலிருந்து கையை எடுத்த மனுஷன் செத்துப்போனார் என்பதை அவர் எங்கே கொண்டுபோய் வைப்பார்? ஒரு குற்றமும் செய்யாத பிள்ளை. பாசமாகப் பார்க்க வந்தது ஒன்றுதான் அவர் செய்தது.

ஷீபா நடுவில் ஒருநாள் போன் செய்தாள். இப்போதெல்லாம் லுங்கி கட்டுகிற எல்லாப் பெரியவர்களிடமும் அவள் கேட்கிறாளாம், வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தால் என்ன செய்வீர்கள் என்று. முதலில் சிரிக்கிறார்களாம். அப்புறம், இறக்கிவிடுவோம் என்கிறார்களாம். முதலில் இரண்டு காலும் தரையில், ஒரு கை பிடிமானத்தில், அப்புறம்தான் மரியாதை என்று சொல்லி, அதையே ஒரு பயிற்சியாகச் செய்ய வைக்கிறாளாம். கதவைத் தட்டச் சொல்லி ஒருத்தரை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே இருப்பவரைச் சும்மா நிற்க வைத்துப் பழக்குகிறாளாம். "நீங்க பயிற்சிய விடலல்லம்மா?" என்றும் கேட்டாள். விட்டிருந்தேன். அந்த மேடைக்கு முன்னால் தனியாக நிற்க என்னால் முடியவில்லை. அவள் கேட்ட மறுநாள்தான் திரும்ப ஆரம்பித்தேன். எண்ணுவதற்கு ஆள் இல்லை. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இழுப்பதற்கும் ஆள் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றிருந்தேன். சத்தமாக ஆறு வரை எண்ணியிருப்பேன்.

"அத்தை."

வாசலில் மாப்பிள்ளை. மாலதி கொடுத்தனுப்பிய பாத்திரம் கையில் இருந்தது. கேட்டைத் தாண்டி, மஞ்சள் பூசிய படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

என் கை முந்தானைக்குப் போகத் துடித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், துடித்தது. மாப்பிள்ளை வந்தால் முந்தானையைச் சரிசெய்து "வாங்க" என்று எதிரே போக வேண்டும், எனக்கும் அப்படித்தான் பழக்கம். மேடையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"இருங்க மாப்ள" என்றேன். "முடிச்சிட்டு வர்றேன்."

அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஏழு" என்றார். "எட்டு." கொஞ்சம் நிறுத்தினார். "ஒன்பது" என்றபோது குரல் உடைந்துபோயிற்று. பத்து வரவில்லை. அவர் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது.

பத்தை நான் சொன்னேன். காலைக் கீழே வைத்தேன். இரண்டு பாதமும் தரையில் பதிந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். அதற்குப் பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

"உள்ள வாங்க மாப்ள" என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு, படியைத் தாண்டி உள்ளே வந்தார். அவருடைய மாமா உட்காரும் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். நான் காபிக்குப் பால் வைத்தேன்.